குவைத்தில் தக்காளி என்ன விலை?

குவைத்துக்கு நான் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த நாட்டைத் தெரிந்துகொள்வதற்காக நான்கு நாள் பஸ், ஜீப், நடை என்று அலைந்திருக்கிறேன். தியாகதுருகம், வெள்ளிமலை, உளுந்தூர்பேட்டை, மறுபடியும் தியாகதுருகம். எல்லாமே எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள். பாஸ்போர்ட் எங்கும் கேட்கவில்லை. வயிற்றில் இடம் மட்டும் நிறையத் தேவைப்பட்டது.

என் பெயர் ஏழுமலை. மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஊர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக் முடித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு ஏசி மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிறேன். மாதம் பதினாலாயிரம். அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்குக் கொடுப்பது கொஞ்சம், கொடுக்கிறேன் என்று சொல்வது நிறைய.

குவைத்தில் ஏசி மெக்கானிக் வேலை இருக்கிறது என்று கள்ளக்குறிச்சி ஏஜென்ட் ஒருவர் சொன்னார். மாதம் நூற்றி இருபது தினார். தங்குமிடம் கம்பெனி தரும், சாப்பாடு நம் செலவு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன்.

"நூத்தி இருவதா? இதுக்கா ஏரோப்ளேன்ல போற? கரும்பு வெட்டப் போனாலே ஒரு நாளுக்கு அதுக்கு மேல குடுக்கறாங்களேடா."

ஒரு தினார் நம் காசில் இருநூற்றி எண்பது ரூபாய் பக்கம் வரும் என்று விளக்கி, பெருக்கிக் காட்டினேன். முப்பத்து மூவாயிரத்துச் சொச்சம் என்றதும் அம்மா வாயில் கை வைத்தாள். அப்பா எழுந்து போய் மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் ஏன் அங்கே போய் நின்றார் என்று எனக்குத் தெரியும். எங்களிடம் இருப்பது இரண்டு கறவை மாடு. நிலம் கிடையாது. ஒரு மாட்டை விற்றால் ஏஜென்ட்டுக்கு ஆகும். இன்னொன்றை விற்றால் என்னை வழியனுப்ப ஆகும். வழியனுப்புவது என்றால் எங்கள் பக்கம் லேசான காரியம் இல்லை. புதுத் துணி, சக்கரம் வைத்த பெட்டி, ஊர்ச் சோறு, கடைசியில் சென்னை ஏர்போர்ட் வரைக்கும் ஒரு வேன். போகிறவன் ஒருவன், அழ வருகிறவர்கள் இருபது பேர். வழியில் அவர்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு.

மாட்டை விற்ற பிறகு கணக்கு தப்பினால் திரும்ப மாடு வராது. அதனால் போவதற்கு முன்பே சரியாகக் கணக்குப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். வரவு தெரியும். செலவு தெரியாது. ஏஜென்ட்டிடம், "அங்க தக்காளி என்ன விலைங்க?" என்று கேட்டேன். அரிசி விலையை மறைத்து ஒரு ஊரைப் பற்றிப் பேசிவிடலாம், தக்காளி விலையை மறைக்க முடியாது என்பது என் எண்ணம்.

"அங்க எல்லாமே சீப்பு தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தியாகதுருகம் போனேன். அங்கே கோவிந்தன் மாமா இருக்கிறார், அம்மாவுக்கு அண்ணன். குவைத்தில் ஆறு வருடம் டிரைவராக இருந்தவர். நிற்க இடமில்லாத பஸ்ஸில், "மாமா, குவைத் பத்தி ஒரு சந்தேகம்" என்று மட்டும் போனில் சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் கோழி அடித்துவிட்டார்கள்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். எங்கள் சனத்தில் வெளிநாடு போகிறவனைக் கூப்பிட்டுக் கோழி போடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் கையில் ஐந்நூறோ ஆயிரமோ வைத்து அழுத்துவார்கள். அதற்கப்புறம் அவனிடம் என்னென்ன வேண்டும் என்று சொல்வார்கள். சந்தேகம் கேட்கப் போகிறவனுக்கும் இதே கோழிதான். இலையில் கை வைத்துவிட்டால் போகிறான் என்று அர்த்தம். நான் பசியோடு போயிருந்தேன்.

"மாமா, அங்க உங்களுக்குச் சம்பளம் எவ்ளோ?"

"மொதல்ல அந்த ஈரல எடுத்து வாயில போடு."

போட்டேன். "சம்பளம்…"

"எரநூறு தினாருக்குக் கம்மியா நான் கையால வாங்குனதே இல்ல" என்றார். குழம்புச் சோறு முடிந்து ரசம் ஊற்றும்போது இருநூற்றைம்பது ஆகிவிட்டது. மோர் வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"தக்காளி இன்னா வெல மாமா?"

"தக்காளியா! டேய், நாம பாக்கற தக்காளி இல்லடா அது. ஒவ்வொண்ணும் இந்த சைசு." இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். அந்தக் கைக்குள் ஒரு தேங்காய் அடங்கும். விலை மட்டும் வரவில்லை.

பிறகு அத்தை பீரோவைத் திறந்து, பாலிதீன் உறையோடு ஒரு கம்பளியை எடுத்து வந்தார். மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. ஒரு பெரிய புலி படுத்துக்கொண்டு நம்மையே பார்க்கும். தியாகதுருகத்துப் புழுக்கத்துக்கு ஃபேன் அனலைத்தான் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்பளியை என் மடியில் விரித்து, "தொட்டுப் பாருடா" என்றார்கள். வியர்வை புலியின் மேல் சொட்டிவிடுமோ என்று பயமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாம் ஏழுமல" என்றார் அத்தை. "இதே மாதிரி ஒண்ணே ஒண்ணு. அப்பறம் என் தங்கச்சிக்கு ஒண்ணு. நாளைக்கு அவ கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்? சோப்பு, சென்ட்டு, பேரீச்சம்பழம் எல்லாம் நீயே வாங்கிக்கினு வந்துடுவ, அத நான் சொல்லணுமா?"

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே வாட்சப்பில் குரல் செய்திகள் வர ஆரம்பித்தன. கோழிக் குழம்பின் வாசம் என் கையைவிட்டுப் போவதற்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. "அண்ணா, ஐபோன் அங்க கம்மியாமே" என்று ஒரு தம்பி. அவன் எனக்கு எந்த வகையில் தம்பி என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். வெள்ளிமலையில் லட்சுமி என்று ஒரு அக்கா, குவைத்தில் நான்கு வருடம் வீட்டுச் சமையல் செய்தவர், இப்போது பஸ் நிற்கும் இடத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார் என்று, நான் ஃபிரிட்ஜ் சரிசெய்து கொடுத்த ஒரு வாத்தியார் சொல்லியிருந்தார். சமையல்காரருக்குத் தக்காளி விலை தெரியாமல் இருக்குமா?

பஸ் கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறுகிற இடத்தில் பெருமூச்சு விட்டுவிட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பின்னால் வந்த ஜீப்பில் ஏற்கெனவே பதினைந்து பேர் இருந்தார்கள். எங்களையும் ஏற்றிக்கொண்டது. எனக்கு ஒரு காலுக்கு இடம் கிடைத்தது. மற்ற கால் கல்வராயன் மலைக்காற்றில் இருந்தது.

பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்தவர், "எந்த ஊருப்பா? இன்னா ஜோலியா வர?" என்றார்.

"குவைத் பத்தி விசாரிக்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது இந்தப் பக்கம் இல்லியே" என்றார்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உள்ளே ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. ஒவ்வொரு முறையும் அதன் அம்மா என்னைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, புளியாங்காதான்" என்று ஆறுதல் சொன்னாள். என் பேன்ட்டுக்குத்தான் ஆறுதல் தேவைப்பட்டது.

லட்சுமி அக்கா கடையில் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கினேன். காசு கொடுத்துச் சாப்பிடும் சோற்றில் ஒரு நிம்மதி இருக்கிறது. யாரும் கம்பளி கேட்க மாட்டார்கள்.

"அக்கா, குவைத்துல தக்காளி இன்னா வெல?"

"தெரியாதே தம்பி."

"நாலு வருசம் சமையல் பண்ணீங்கன்னு சொன்னாங்க."

"பண்ணேன். கூடைல தக்காளி வரும், நறுக்குவேன். தக்காளி மேல வெலய எழுதியா அனுப்புவாங்க?" என்றபடி அடுத்தவர் இலையில் குழம்பை ஊற்றினார். "கடைத்தெருவு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. மாடியில துணி காயப்போடசொல்ல கொஞ்சம் ரோடு தெரியும். கார் போவும். அதான் நான் பாத்த குவைத்து."

"அப்ப செலவு?"

"இன்னா செலவு? வெளிய வுட்டாதானே செலவு பண்றதுக்கு? சோறு அவங்களுது, துணி அவங்களுது. சம்பளம் அப்படியே நின்னுச்சி. இந்தக் கட, மேல இருக்கிற தகர சீட்டு, அந்த கிரைண்டர் எல்லாம் அதுல வந்ததுதான்."

வெளியே விடாவிட்டால் மிச்சமாகும் என்பதை என் கணக்கில் எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. "வரசொல்ல என்ன கொண்டாந்தீங்க?"

"என்னக் கொண்டாந்தேன்." சிரித்தார். பிறகு கரண்டியால் சாலைக்கு எதிர்ப்பக்கம் காட்டினார். சாக்கு விரித்துக் காய்கறி விற்றுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. "என் தங்கச்சி. ஒரு வாட்ச்சு கேட்டுருந்தா. கடைக்கே போவாத நான் வாட்ச்சுக்கு எங்க போவேன்? சொன்னா நம்பல. நாலு வருசம் வெளிநாட்டுல இருந்தவ கடையே பாக்கலயாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறா. ரெண்டு வருசமா எங்கிட்ட பேச்சு இல்ல."

"எதிரெதிர்லயே உக்காந்துக்கினா?"

"காய் அவகிட்டதான் வாங்கறேன். காச வாங்குவா. எண்ணுவா. மூஞ்சத் திருப்பிக்குவா."

நான் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அந்தத் தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள். "இன்னா சொல்றா? வாட்ச்சக் கட்டாம உள்ள வெச்சிக்கினு இருக்காளா?" என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு என் சனத்தின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு வாட்ச்சுக்கு இரண்டு வருடம் என்றால், ஒரு கம்பளிக்கு எத்தனை?

சனிக்கிழமை உளுந்தூர்பேட்டை. அங்கே சலீம் பாய் என்று ஒருவர் குவைத்தில் பல வருடம் மளிகைக் கடை நடத்தியவர், என் முதலாளிக்குத் தெரிந்தவர். மளிகைக் கடைக்காரர் தக்காளியிலிருந்து தப்ப முடியாது. "உளுந்தூர்பேட்ட பஸ் ஸ்டாண்டு போவுமா?" என்று கேட்டுத்தான் ஏறினேன். "போவும், போவும்" என்ற கண்டக்டர், பைபாஸில் இறக்கிவிட்டு, "தோ தெரியுது பாரு, அதான்" என்று காட்டினார். எனக்கு லாரிகள்தான் தெரிந்தன. அரை மணி நேரம் புழுதியில் நடந்து போய்ச் சேர்ந்தேன்.

பாய் கடையில் சோப்பு, சென்ட், பால்பவுடர், பேரீச்சம்பழம், சாக்லேட் என்று எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஒரு ஓரத்தில் கூரை முட்டக் கம்பளிகள். எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டுப் பாய் முதல் கேள்விக்கே பதில் சொன்னார்.

"தக்காளி வெல எதுக்கு தம்பி? வெல ஏறும், எறங்கும். மொத்தமாக் கேளு. ஆறு பேரு சேந்து பொங்கிச் சாப்டா ஆளுக்கு முப்பது தினார் ஆவும். போனு, டீ, முடி வெட்றதுன்னு பத்து. கையில எம்பது நிக்கும். நல்ல காசுதான். ரெண்டு வருசத்துல மாடு வாங்கலாம், நிலமும் வாங்கலாம். பொட்டி இல்லன்னா."

"இன்னா பொட்டி?"

அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சென்னைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், ஒரு சின்னப் பையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கழுத்தில் விமானத் தலையணை இன்னும் மாட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் தயங்கினார்.

"நம்ம பையன்தான், சொல்லு" என்றார் பாய். "எத்தினி வூடு?"

"ஒம்பது."

"கூடப் பொறந்த பொண்ணுங்க?"

"மூணு."

பாய் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது வீட்டுக்கு எத்தனை சோப்பு, மூன்று பெண்களுக்கு எத்தனை கம்பளி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடையில் வேலை செய்யும் பீகார்க்காரர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து நிரப்பினார். நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டினார். பாய் பட்டையான பேனாவால் பெட்டியின் நான்கு பக்கமும் ஆள் பெயர், ஊர், குவைத் என்று கொட்டை எழுத்தில் எழுதினார். கடைசியில் பீகார்க்காரர் பெட்டியைத் தூக்கி, ஒரு மூலை நசுங்குகிற மாதிரி தரையில் இரண்டு தடவை போட்டார்.

"அது எதுக்கு?" என்றேன்.

"ஏரோப்ளேன்ல வந்த பொட்டி நசுங்காம இருக்குமா?" என்றார் பாய்.

வந்தவர் காசைக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு ஆட்டோவில் ஏறிப் போனார். இறங்கும்போது கூனியிருந்த முதுகு இப்போது நிமிர்ந்திருந்தது.

"அங்க வாங்குனா வெல ஜாஸ்தி, எடைக்கு வேற காசு" என்றார் பாய். "பாதிப் பேரு கையில ஒண்ணும் இல்லாமதான் வந்து எறங்கறான். வெறுங்கையோட வூட்டுக்குப் போவ முடியுமா? கம்பளியெல்லாம் வடக்க பானிபட்டுல நெய்யற சரக்கு. ஆனா பொட்டி இங்க கம்மின்னாலும் பொட்டிதானே. ரெண்டு வருசத்துக்கு ஒரு பொட்டி. மாடும் நிலமும் அதுக்குள்ளதான் போவுது."

அப்போதுதான் கம்பளி அடுக்கைக் கவனித்தேன். மேலிருந்து மூன்றாவதில் ஒரு புலி படுத்துக்கொண்டு என்னையே பார்த்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த புலி. அத்தை அந்தக் கம்பளியோடு என்னைப் பிடித்த போட்டோ போனில் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "யாரு இன்னாருன்னு நான் சொல்லமாட்டேன் தம்பி. அது தொழிலுக்குத் துரோகம். ஆனா அந்தப் புலி என் புலிதான்."

பீகார்க்காரருக்கும் என் வயதுதான் இருக்கும். பாயை இடையில் வைத்து அவரிடம் பேசினேன். சோறும் தங்குவதும் கடையிலேயே. சம்பளத்தை அப்படியே ஊருக்கு அனுப்புகிறார். மிச்சம் என்னைவிட அதிகம். ஊருக்குப் போகும்போது என்ன வாங்கிப் போவீர்கள் என்று கேட்டேன். அவர் இந்தியில் சொல்லச் சொல்லப் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மதராஸ் புடவைன்னா அவங்க ஊர்ல உசுராம். அவங்க ஸ்டேஷன் வாசல்லயே ஒரு கடையில மதராஸ் புடவ கெடைக்குதாம். ரயில வுட்டு எறங்கி அங்கதான் வாங்குவாராம்."

பீகார்க்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவருடைய ஊருக்கு உளுந்தூர்பேட்டைதான் குவைத்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் எனக்கு முறைப்படி விருந்து. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஆடு வாங்கியாச்சி" என்றார்கள். ஆடு வாங்கிய பிறகு பேச்சு இல்லை. அம்மா, அப்பா, அத்தையின் தங்கை, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். கூடத்தில் இரண்டு வரிசை இலை. அப்பா சாப்பிட உட்காருவதற்கு முன்பு என் காதருகே வந்தார்.

"மாட்டுக்காரன் போன் மேல போன் போடறான்டா. ரெண்டையும் சேத்து ஓட்டிக்கினு போறேன்றான். இன்னா சொல்லட்டும்?"

"பஸ் ஏறதுக்குள்ள சொல்றேன்பா."

இரவெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். பெட்டி இருந்தால், கேட்டவர்களுக்கெல்லாம் வாங்கி முடித்த பிறகு விற்ற மாட்டுக்கும் நிலத்துக்கும் கையில் காசு மிஞ்சாது. பெட்டி இல்லாவிட்டால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. ஆக, நான் குவைத்தில் சிக்கனமாக இருப்பதில் ஒன்றும் இல்லை. இந்தக் கூடத்தில் வாயைத் திறப்பதில்தான் இருக்கிறது. எனக்கு இந்தக் கூடத்தைவிடக் குவைத் பக்கமாகத் தெரிந்தது.

அத்தை கறிக் குண்டானோடு வந்தார். நல்ல நெஞ்செலும்புத் துண்டாகப் பார்த்துக் கரண்டியில் எடுத்து என் இலைக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றேன். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்கிற குரல் வந்துவிட்டது. "நான் குவைத் போனா, திரும்பி வரசொல்ல எதையும் வாங்கிக்கினு வரமாட்டேன். கம்பளி, சோப்பு, சென்ட்டு, எதுவும். மொதல் லீவுக்கு மட்டும் இல்ல, எந்த லீவுக்கும்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. நெஞ்செலும்பு மெதுவாகக் குண்டானுக்குள் திரும்பிப் போனது.

"வெளாட்றான்" என்றார் யாரோ.

"இல்லிங்க, நெசமா. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

அத்தையின் தங்கை இலையிலிருந்து நிமிர்ந்தார். கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "அப்ப இன்னாத்துக்குடா போற?"

கூடமே என்னைப் பார்த்தது. மாட்டைப் பற்றிச் சொல்லலாம் என்றால், அப்பா எதிர் வரிசையில் உட்கார்ந்து உப்பைத் தொட்டுக்கொண்டிருந்தார். அதனால் கணக்கை முதலிலிருந்து விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். நல்லெண்ணத்தில்தான்.

"நேத்து உளுந்தூர்பேட்ட போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பாய் கட வெச்சிக்கினு இருக்காரு. அவரு சொன்னாரு, இந்தக் கம்பளியெல்லாம்…"

மாமாவுக்குப் புரையேறியது. சாதாரணப் புரை இல்லை. இரண்டு பேர் தலையில் தட்டினார்கள், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். கண்ணில் நீர் வழிய நிமிர்ந்தவர், கையை ஓங்கிச் சொன்னார்.

"பையன் சொல்றதுதான் சரி! எவனும் எதுவும் கேக்கக் கூடாது. படிச்ச புள்ள, கணக்குப் போட்டுப் பேசறான். நாமளும் அவன் கழுத்துல ஏறி உக்காந்தா அவன் என்னைக்குடா கால் ஊன்றது?"

"நீ கொண்டாந்தியே அண்ணா" என்றாள் அம்மா.

"நான் கொண்டாந்தேன். அதனாலதான் சொல்றேன். போடுடி அவனுக்குக் கறி!"

அத்தை போட்டார். நெஞ்செலும்பு இல்லை, வெறும் சாறும் இரண்டு கொழுப்பும். அவர் முகத்தைப் பார்த்தபோது வெள்ளிமலைச் சாலையின் எதிர்ப்பக்கம் தெரிந்தது. சாப்பிட்டு முடித்து நான் கும்பிட்டபோது அத்தையின் தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கையில் காசு வைத்து அழுத்தவில்லை. ஒரு வகையில் அது எனக்கு நல்லதாகவே பட்டது.

மாமா மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். புளியமரத்து நிழலுக்குப் போனதும் கேட்டார்.

"பாய் இன்னா சொன்னாரு?"

"பேரெல்லாம் சொல்லமாட்டேன்னுட்டாரு மாமா."

"தங்கமான மனுசன்" என்று மூச்சு விட்டார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாலையைப் பார்த்தபடி, "தொண்ணூறு" என்றார்.

"இன்னா மாமா?"

"சம்பளம். மாசம் தொண்ணூறு தினார். ஆறு வருசமும் அதான். மூணு தபா லீவுல வந்தேன், மூணு பொட்டி. மொத பொட்டி அங்க வாங்குனதுதான்டா, சத்தியமா. நாலு மாசச் சம்பளம் அதுலயே பூட்ச்சி. அப்பறந்தான் பாய் கட தெரிஞ்சுது."

"மிச்சம் இன்னா நின்னுச்சி?"

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டு மாடி அங்கிருந்தே தெரியும். "மேல தளம் போட்டேன். அவ்ளோதான். சொவரெல்லாம் உங்கத்த சீட்டு கட்டி எழுப்புனது. ஊருக்குள்ள கோவிந்தன் கட்டுன வூடுன்றாங்க. அவளும் ஒரு நாளும் இல்லன்னு சொன்னதில்ல."

நான்கு நாள் சுற்றியும் கிடைக்காத கணக்கு புளியமரத்தடியில் கிடைத்துவிட்டது. தொண்ணூறுக்கு மூன்று பெட்டி போக ஒரு தளம். நூற்றி இருபதுக்குப் பெட்டி இல்லை என்றால்? மனதுக்குள் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் மாடு திரும்பி வந்தது.

"எனக்குக் கட்டுப்படி ஆவும் இல்ல மாமா?"

"ஆவும். சொன்ன சொல்லுல நின்னா ஆவும்."

மாமா வீட்டிலேயே இருந்த அப்பாவுக்குப் போன் போட்டேன். "மாட்டுக்காரர வரச் சொல்லுப்பா. ஒரு மாடு மட்டும் குடு."

"ஒண்ணுதானா? வேனுக்கு இன்னாடா பண்றது?"

"வேன் வேணாம். உளுந்தூர்பேட்டையில சென்னை பஸ் ஏறிப் போறேன். நீயும் அம்மாவும் வந்து ஏத்திவுடுங்க."

ஏமாற்றமாக இருக்குமோ என்று பார்த்தேன். "எதக் குடுக்கறது?" என்று கேட்ட குரலில் ஒரு சுமை குறைந்திருந்தது. அதை அவரே முடிவு செய்யட்டும் என்றேன்.

பஸ் வந்தது. எப்படியோ சன்னலோரம் இடம் கிடைத்தது. மாமா வெளியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. லீவுல வரசொல்ல பகல்ல வந்து எறங்காத. பொழுது சாஞ்சப்பறம் வா. வெறுங்கையோட நடக்கறதுக்கு நம்ம தெரு ரொம்ப நீளம்டா."

"பகல்லதான் மாமா வருவேன்" என்றேன்.

பஸ் கிளம்பிவிட்டது. கேட்டாரா என்று தெரியவில்லை. ஆனால் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டுவிட்டு, எந்த ஊரிலிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். இன்னும் போகவே இல்லை என்றேன்.